அந்த டிடி கமாண்டுக்கு ஒரு திருத்தம் போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

மூணு வாரம் முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் போடுறது பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்துச்சுல்ல, அதுல கீழ ஒரு கட்டம் கட்டி பென்டிரைவ் தயார் பண்ற கமாண்ட் ஒண்ணு போட்டிருந்தீங்க. அந்தக் கமாண்ட்ல கடைசி எழுத்து தப்பு. நானும் தினம் பத்திரம் டைப் அடிக்கிறவதான், பிழையே வராம யாராலயும் அடிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், ஆனா சர்வே நம்பர்ல ஒரு எழுத்து மாறிப்போனா பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையை சேர்த்து வித்துடுவோம் பாருங்க, இது அந்த ரகப் பிழை.

நான் பட்டுக்கோட்டையில சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் டிடிபி கடை வச்சிருக்கேன். கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமான ரத்து எல்லாம் அடிப்பேன், கூடவே ஜெராக்ஸ், ஸ்கேன். 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு காசு கேட்டுச்சே, அந்தப் பயத்துலதான் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன், நான் ஒண்ணும் படிச்ச என்ஜினியர் இல்ல. பழைய டைப்ரைட்டிங் விசைப்பலகை அதுல வருமாங்கறதுதான் அப்ப எனக்கு இருந்த ஒரே கவலை, தமிழ் அடிக்க உதவுற ஐபஸ்ங்கற மென்பொருள்ல எம்17என் போட்டா தமிழ்99ம் வருது, டைப்ரைட்டரும் வருது, பிறகென்ன.

விஷயத்துக்கு வர்றேன். கட்டத்துல இருந்தது டிடி கமாண்ட் (பேங்க் டிடி இல்ல சார்). ஐஎஃப்-னு போட்டு உபுண்டு (அதுவும் மின்ட் மாதிரி ஒரு லினக்ஸ்) மொத்தமும் அடங்கின ஐஎஸ்ஓ ஃபைல் பேரு, ஓஎஃப்-னு போட்டு டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ. ஐஎஃப்ல இருக்கிறதை எடுத்து ஓஎஃப்ல முதல் பைட்டுலேருந்து எழுது, அவ்வளவுதான் அதோட வேலை, அங்க ஏற்கனவே என்ன இருக்குன்னு பாக்காது, நிச்சயமான்னு ஒரு வார்த்தை கேக்காது. பழைய கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் எஸ்டிஏ-ன்னா உள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க், சொருகின பென்டிரைவ் எஸ்டிபி-ன்னோ எஸ்டிசி-ன்னோதான் வரும். கட்டுரை எழுதினவரை நான் குறை சொல்லல, எனக்கென்ன தோணுதுன்னா அவர் தன்னோட புது லேப்டாப்ல செஞ்சு பாத்துட்டுதான் எழுதியிருப்பாரு, புதுசுல உள்ள இருக்கிறது என்விஎம்இ டிஸ்க், அதுக்குப் பேரே வேற, அதனால அங்க பென்டிரைவ்தான் எஸ்டிஏ-ன்னு வரும். அவர் மெஷின்ல நூத்துக்கு நூறு சரி. ஆனா கட்டுரையே பழைய மெஷின் வச்சிருக்கிறவங்களுக்குத்தானே சார்?

நினைச்ச மாதிரியே ஒருத்தர் வந்துட்டாரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எங்க கடையில வருஷக்கணக்கா பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்கிறவரு. அவர் லேப்டாப்ல விண்டோஸ் 10, 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு இலவச அப்டேட் நின்னுபோச்சு, விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்புச் சிப் இல்லன்னு சொல்லுது. பேரன் லீவுக்கு வந்தப்ப ஒரு உபுண்டு பென்டிரைவ் போட்டுக் குடுத்து, தாத்தா இதுல பூட் பண்ணி பழகிப் பாருங்க பிடிச்சா அப்புறம் இன்ஸ்டால் பண்ணலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான், ரொம்ப சரியான புத்திமதி. சாருக்கு அது பிடிச்சுப்போச்சு, பக்கத்துத் தெரு நண்பருக்கும் ஒரு பென்டிரைவ் போட்டுத் தரலாம்னு உங்க பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா அடிச்சிருக்காரு. எதையும் மாத்துற அதிகாரம் குடுக்கிற சூடோ போட்டு. எண்டர்.

இதுல கொடுமை என்னன்னா அவருக்கு முதல்ல சந்தோஷமா இருந்திருக்கு. மறுநாள் பென்டிரைவ் சொருகாமயே ஆன் பண்ணினா உபுண்டு வருது. ஏம்மா பென்டிரைவ் இல்லாமலே ஓடுது, இன்ஸ்டால் ஆயிடுச்சு போலன்னு எங்கிட்ட பெருமையா வேற சொன்னாரு. அந்த ஐஎஸ்ஓ பென்டிரைவ்லயும் பூட் ஆகும் ஹார்டு டிஸ்க்லயும் பூட் ஆகும், அப்படித்தான் அதை செஞ்சு வச்சிருக்காங்க, அதை அப்படியே டிஸ்க் தலையில எழுதிட்டா டிஸ்க்கே ஒரு பெரிய பென்டிரைவ் மாதிரி ஆயிடும். டி டிரைவைக் காணோமேம்மா, மக கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சுன்னு சாயங்காலம் அவர் திரும்பி வந்தப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

நான் சொன்ன முதல் வார்த்தை, சார் தயவுசெஞ்சு அதை ஆஃப் பண்ணுங்க, இனிமே ஆன் பண்ணாதீங்க. நல்லவேளை அவர் வேற எந்தக் கடைக்கும் போகல.

டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி கேபிள்ல என் கம்ப்யூட்டர்ல மாட்டி, டிஸ்க்கைத் தானா திறக்கிற ஆட்டோ மவுண்ட்டை நிறுத்தி வச்சுட்டு, கெட்ட டிஸ்க்லேருந்தும் நகல் எடுக்கிற டிடிரெஸ்கியூ வச்சு டிஸ்க் மொத்தத்தையும் அப்படியே ஒரு 1 டிபி எக்ஸ்டெர்னல்ல ஒரே ஃபைலா நகல் எடுத்தேன். 500 ஜிபி, என்னோடது யூஎஸ்பி 2, ராத்திரி பூரா ஓடுச்சு. காலையில அந்த நகல் மேல தொலைஞ்ச பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டிஸ்க் போட்டு தேடவிட்டா, டி டிரைவ் அப்படியே இருக்கு. ஐஎஸ்ஓ சைஸ் சுமார் 6 ஜிபி, அழிஞ்சதும் டிஸ்க்கோட தலைப்பக்கம் அந்த 6 ஜிபிதான், டி டிரைவ் ஆரம்பிக்கிறதே 100 ஜிபி தாண்டி. எந்த டிரைவ் எங்க ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கிற பார்ட்டிஷன் டேபிள் போச்சு, அதாவது எல்லைக்கல்லைப் பிடுங்கிட்டாங்க, ஆனா நிலம் எங்கயும் போகல. டெஸ்ட்டிஸ்க்ல பி அமுக்கினா ஃபோல்டர் ஃபோல்டரா லிஸ்ட் காட்டுது, கல்யாண போட்டோ பூராவும் பேரோட வந்துடுச்சு, ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு.

சி டிரைவ்தான் சரியா வரல. விண்டோஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்குற முறையான என்டிஎஃப்எஸ்ல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வைக்கிற எம்எஃப்டி-ங்கற அட்டவணையை விண்டோஸ் ஃபார்மட் பண்ணும்போது பொதுவா பார்ட்டிஷன் ஆரம்பத்துலேருந்து 3 ஜிபி தள்ளி வைக்கும், இங்க எழுதினது 6 ஜிபி, அதனால அது மேலயே எழுதியாச்சு. சார் டெஸ்க்டாப்ல போட்டு வச்சிருந்ததை போட்டோரெக் வச்சு தோண்டினேன், அது அட்டவணையை நம்பாது, டிஸ்க்கை முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சு இது ஜேபிஜி மாதிரி ஆரம்பிக்குது இது பிடிஎஃப் மாதிரி ஆரம்பிக்குதுன்னு முகத்தைப் பாத்தே பிரிச்செடுக்கும். பேரு கிடையாது, தேதி கிடையாது, ஃபோல்டர் கிடையாது, வெறும் நம்பர். அவர் இன்னும் அதை உக்காந்து பிரிச்சுக்கிட்டிருக்காரு.

இவ்வளவு நிதானமா நான் செஞ்சேன்னா அதுக்குக் காரணம் ஒரு தடவை நிதானமில்லாம செஞ்சு நாசம் பண்ணினது. அதையும் சொல்லிடறேன், ஏன்னா உங்க கட்டுரையில லினக்ஸ்ல டேட்டா போகவே போகாதுங்கற தொனியில ஒரு பத்தி இருந்துச்சு, அதைப் படிச்சுட்டு சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

2018 நவம்பர் 16 கஜா புயல். எங்க ஊர்ல இருந்தவங்களுக்கு அதைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, தென்னந்தோப்பெல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு, கரண்ட் கம்பம் எத்தனை விழுந்துச்சுன்னு கணக்கில்ல. கரண்ட் வர்ற வரைக்கும் எங்க வரிசைக் கடைக்காரங்க சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். நிவாரணத்துக்கு மனு, ரேஷன் கார்டு நகல், பட்டா நகல்னு கூட்டம், கடையை மூடவும் முடியாது. ஜெனரேட்டர்காரர் டீசல் ஊத்த மறந்தா பட்டுன்னு நிக்கும், யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு, ஒரு நாளைக்கு நாலு தடவை அஞ்சு தடவை கம்ப்யூட்டர் அப்படியே அணையும். ஒவ்வொரு தடவையும் திரும்ப ஆன் பண்ணினா வந்துடுச்சு, அதனால எனக்கும் தைரியம். வர்றதுக்குக் காரணம் ஜர்னல். லினக்ஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்குற முறையான ஈஎக்ஸ்டி4ல எந்த மாற்றத்தையும் பேரேட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி சிட்டாவுல, அதாவது நாள் குறிப்புல, குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்ட் போனா அடுத்த தடவை சிட்டாவைப் பாத்து பேரேட்டை நேர் பண்ணிக்கும். மளிகைக்கடைக்காரங்க காலங்காலமா செய்யறதுதான், 2001ல ஈஎக்ஸ்டி3 வந்தப்பலேருந்து லினக்ஸ் கர்னல்லயும் செய்யறாங்க. ஆனா ஒண்ணு, வழக்கமான செட்டிங்ல சிட்டாவுல ஏறுறது கணக்கு விவரம் மட்டும்தான், ஃபைலுக்குள்ள இருக்கிற சரக்கு இல்ல, அதனால சேவ் பண்ணாத கடைசிப் பக்கம் போனா போனதுதான்.

ஒரு நாள் காலையில மின்ட் வரல. கறுப்பு ஸ்க்ரீன், பிஸிபாக்ஸ்னு ஒரு பேரு, அடைப்புக்குறிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ், அதாவது லினக்ஸ் முழுசா ஏற முடியாம பாதி வழியில நிக்குது, ஒரு சின்ன கர்சர் கண் சிமிட்டுது. மேல, ரூட் ஃபைல் சிஸ்டத்துக்கு கையால எஃப்எஸ்சிகே (டிஸ்க் கணக்கைச் சரிபாக்குற கமாண்ட்) பண்ணுன்னு ஒரு வரி. ஊர்ல ஒரு சர்வீஸ் கடைக்கு போன் போட்டேன், லினக்ஸாக்கா, அதுல எல்லாம் எதுவும் எடுக்க முடியாது, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தர்றேன்னாங்க. சென்னையில என்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்த அண்ணன் மகனுக்கு போன், டவர் பாதி வருது பாதி வரல, அத்தை எஃப்எஸ்சிகே மைனஸ் ஒய் போடுங்க, ஒய்-னா எல்லாக் கேள்விக்கும் எஸ் சொல்லிடும், நீங்க ஒண்ணொண்ணா அமுக்க வேண்டாம்னான். போட்டேன்.

இந்த எஃப்எஸ்சிகே என்ன செய்யுதுன்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சுது, எங்க தொழில் பாஷையில சொன்னா அது வில்லங்கம் பாக்குறது. ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் பட்டா வச்சிருக்காங்களா, பட்டா இருக்கு ஆனா யார் பேர்லயும் இல்லையா, புறம்போக்குன்னு எழுதியிருக்கிற இடத்துல யாராவது குடியிருக்காங்களான்னு அஞ்சு சுத்து பாக்கும். ஐநோடுன்னு சொல்றாங்களே அது பட்டா மாதிரி, எந்தெந்த இடம் எவ்வளவு அளவு எந்தத் தேதி எல்லாம் அதுல இருக்கும், ஆனா ஃபைல் பேரு மட்டும் அதுல இருக்காது, பேரு டைரக்டரில தனியா இருக்கும். டைரக்டரி கெட்டுப்போனா சொத்து இருக்கும் பேரு இருக்காது, அந்த அநாதைச் சொத்தையெல்லாம் கொண்டுபோய் லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்ட்-ங்கற ஃபோல்டர்ல ஒரு ஹேஷ் போட்டு நம்பரைப் பேரா வச்சுப் போட்டுடும்.

அதெல்லாம் டிஸ்க் நல்லா இருந்தா. என் டிஸ்க் நல்லா இல்ல. உள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, நான் ஜெனரேட்டர் சத்தத்துல கவனிக்கல. எஃப்எஸ்சிகே ஒரு இடத்தைப் படிக்கப் பாக்கும், படிக்க முடியல, ரெண்டு கேள்வி கேக்கும், இந்தப் பிழையை விட்டுரவா, இந்த இடத்துல வலுக்கட்டாயமா திருப்பி எழுதவா. நல்ல கேள்விதான் சார். ஆனா நான்தான் மைனஸ் ஒய் போட்டாச்சே, ரெண்டுக்கும் எஸ், எஸ், எஸ்னு ஓடிக்கிட்டே இருக்கு. பத்து தடவை முயற்சி பண்ணினா ஒரு தடவை படிச்சிருக்கக்கூடிய இடம், அது மேல ஒண்ணுமில்லாததை எழுதி முத்திரை குத்தியாச்சு. அது சாதாரண இடமும் இல்ல, பட்டா புத்தகம் இருக்கிற இடம், ஒரு பிளாக் போனா பதினாறு ஐநோடு போச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு மின்ட் வந்துச்சு, டெஸ்க்டாப் வந்துச்சு, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தா காலி.

லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்ட்ல நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல். சில ஃபோல்டர் முழுசா வந்திருந்துச்சு, ஃபோல்டர் பேருதான் நம்பரா மாறியிருந்துச்சு, உள்ள ஃபைல் பேரெல்லாம் அப்படியே, அதைப் பாத்தப்ப வந்த உயிர் இருக்கே. மத்ததெல்லாம் ஒத்தை ஒத்தையா நம்பர். ஃபைல்-னு ஒரு கமாண்ட் இருக்கு, அது உள்ள பாத்து இது ஓடிடி இது பிடிஎஃப்னு சொல்லிடும், நான் பத்திரம் அடிக்கிற ஓடிடி-ங்கற ஃபைல் ஒரு ஜிப் பொட்டலம்தான், அண்ணன் மகன் அதைப் பிரிச்சு உள்ள இருக்கிற எழுத்துல கிராமப் பேரைத் தேடுற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தான். யூனிகோடுல அடிச்சதெல்லாம் துவரங்குறிச்சின்னு தேடினா துவரங்குறிச்சின்னு வந்துச்சு. பழைய பாமினி எழுத்துருல அடிச்சது மட்டும் சிக்கவே இல்ல, பாமினியில அம்மான்னு அடிச்சா கம்ப்யூட்டருக்குத் தெரியறது எம், கே, செமிகோலன், கே, ஹெச், அதுக்கு அது தமிழ்னே தெரியாது. அப்புறம் ஒவ்வொரு ஊர் பேரையும் பாமினியில அடிச்சு அந்த ஆங்கிலக் கொத்தைத் தேடவிட்டு எடுத்தோம். யூனிகோடுக்கு மாறுங்கன்னு ஊரெல்லாம் கத்தினப்ப சோம்பேறித்தனமா இருந்ததுக்கு எனக்குக் கிடைச்ச தண்டனை.

மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு தேறுச்சு. போனதுல ஒண்ணு, மூணு அண்ணன் தம்பிகளுக்கு ஒரு பாகப்பிரிவினை வரைவு, பல வருஷச் சண்டை முடிஞ்சு மூணு பேரும் சரின்னு தலையாட்டின அன்னைக்கு நான் அடிச்சு வச்சது. திருப்பி அளவெல்லாம் கேட்டு அடிக்க நாலு நாள் ஆச்சு, அந்த நாலு நாள்ல சின்னவருக்கு மனசு மாறிப்போச்சு. அவங்க வீட்டம்மா இன்னைக்கும் கடைவீதியில என்னைப் பாத்தா மூஞ்சைத் திருப்பிக்குவாங்க.

பின்னாடி ஸ்மார்ட்சிடிஎல்-னு ஒரு கமாண்ட் போட்டு டிஸ்க்கோட நாடியைப் பாத்தா, அதுல 5, 197, 198னு மூணு வரி முக்கியம், 5ல மாத்தி வச்ச செக்டர் (டிஸ்க்கோட சின்னத் துண்டு) எண்ணிக்கை, 197ல படிக்க முடியாம காத்துக்கிட்டிருக்கிற செக்டர், 198ல கைவிட்ட செக்டர், அந்த வரிகளோட வலது ஓரத்துக் கட்டத்துல பூஜ்யம் இருக்கணும். எனக்கு 197ல 312. புயல் நேரத்துல கரண்ட் போனதாலதான் எல்லாம் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன், உண்மையில டிஸ்க் சாகக் கிடந்துச்சு, கொள்ளி வச்சது என் மைனஸ் ஒய். முதல்ல ஸ்மார்ட் பாத்திருந்தா, டிடிரெஸ்கியூல நகல் எடுத்திருந்தா, அது புத்திசாலி, நல்லா படிக்கிற இடத்தையெல்லாம் முதல்ல எடுத்துட்டு மோசமான இடத்துக்குக் கடைசியா வரும், எங்க விட்டோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரும், அந்த நகல் மேல எத்தனை மைனஸ் ஒய் வேணாலும் போட்டு விளையாடியிருக்கலாம்.

அதுக்கப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன். பழைய 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணுல ஈஎக்ஸ்டி4 ஃபார்மட் பண்ணி நாலு ஃபைல் போட்டுட்டு, வேணும்னே அதோட தலையில கொஞ்சம் அழிச்சேன். மவுண்ட் ஆகல, ஈ2எஃப்எஸ்சிகே (ஈஎக்ஸ்டி4க்கான எஃப்எஸ்சிகே) போட்டா சூப்பர் பிளாக்ல மேஜிக் நம்பர், அதாவது அடையாள எண், தப்புன்னு சொல்லுது. இந்த சூப்பர் பிளாக் பதிவேட்டோட முதல் பக்கம், ஆனா அதோட சான்றிட்ட நகலை டிஸ்க்ல அங்கங்க வச்சிருக்காங்க, 4 கேபி பிளாக்னா முதல் நகல் 32768ல, அடுத்தது 98304, பிறகு 163840. ஈ2எஃப்எஸ்சிகே-ல மைனஸ் பி போட்டு 32768னு குடுத்தா அந்த நகலை வச்சு முதல் பக்கத்தைத் திரும்ப எழுதிடுது. எம்கேஈ2எஃப்எஸ் மைனஸ் என் போட்டா நகல் எங்கெங்க இருக்கும்னு லிஸ்ட் காட்டும், ஆனா அந்த மைனஸ் என் விட்டுப்போச்சுன்னா நிஜமாவே ஃபார்மட் ஆயிடும், அதையும் நான் பென்டிரைவ்ல செஞ்சு பாத்துட்டேன், வேணும்னு செஞ்சதில்ல.

உங்க பேப்பரைப் படிச்சுட்டு இப்ப நிறைய பேர் விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸ் போடுவாங்க. அவங்களுக்கு வரப்போற முதல் தலைவலி டிஸ்க் கெடுறது இல்ல, விண்டோஸ் டிரைவ் லினக்ஸ்ல திறக்காது, திறந்தாலும் எழுத விடாது. காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், நாம ஷட் டவுன் பண்ணினோம்னு நினைப்போம், அது பாதித் தூக்கத்துல கிடக்கும், தூங்குறவன் சட்டைப்பையில கை விடக்கூடாதுன்னு லினக்ஸ் ஒதுங்கிக்கும். இதுக்கு உடனே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் போடுன்னு சொல்லிக் குடுப்பாங்க, அது முழு ரிப்பேர் கிடையாது, மேலோட்டமா சிலதைச் சரிபண்ணிட்டு அடுத்த தடவை விண்டோஸ் வந்து செக் பண்ணிக்கட்டும்னு சீட்டு எழுதி வச்சுட்டுப் போயிடும். ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு விண்டோஸை ஷட் டவுன் பண்ணினா முழுசா அணையும், இல்ல அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையே நிறுத்திடலாம்.

இன்னொண்ணு, பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாத்தச் சொல்லியிருந்தீங்க, நல்ல யோசனை, நானே மாத்தியிருக்கேன், பறக்குது. ஆனா தெரியாம டெலீட் பண்ணினா ஹார்டு டிஸ்க்ல மாதிரி தோண்டி எடுக்கலாம்னு யாரும் நம்பிக்கிட்டு இருக்க வேணாம். டிரிம்னு ஒண்ணு, உபுண்டு, மின்ட் ரெண்டுலயும் வாரத்துக்கு ஒரு தடவை தானா ஓடும், அழிச்ச இடம் எல்லாம் இனி வேணாம்னு எஸ்எஸ்டிகிட்ட சொல்லிடும், அதுக்குப் பிறகு போட்டோரெக் போட்டாலும் பூஜ்யம்தான் வரும். டெலீட் பண்ணிட்டோம்னு உறைச்ச நிமிஷமே ஆஃப் பண்ணினா ஏதோ கொஞ்சம் வாய்ப்பு.

திடீர்னு எந்த ஃபைலும் சேவ் ஆகல, ரீட் ஒன்லின்னு வருதுன்னா அது லினக்ஸ் சண்டித்தனம் பண்றதா நினைச்சு ரீமவுண்ட் பண்ணி (திரும்ப எழுதுற மாதிரி திறந்து) வேலையைத் தொடராதீங்கன்னும் எழுதுங்க. பிழை கண்டா எழுதுறதை நிறுத்துன்னு முன்கூட்டியே செட்டிங்ல சொல்லி வச்சிருக்காங்க, அதுதான் அது. அந்த நேரத்துல படிக்க முடியறதையெல்லாம் வேற டிஸ்க்குக்கு இழுத்துடணும். ஓடிக்கிட்டிருக்கிற பார்ட்டிஷன் மேல எஃப்எஸ்சிகே போடவே கூடாது, லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி வெளியில நின்னுதான் போடணும். ஈஎக்ஸ்டி4க்குப் பதிலா பிடிஆர்எஃப்எஸ்-ங்கற முறையை வச்சிருக்கிறவங்க, ஃபெடோராங்கற லினக்ஸ்ல 33லேருந்து டெஸ்க்டாப்ல அதுதான் வருது, அவங்க அதோட செக் கமாண்ட்ல ரிப்பேர்-னு போடுறதைக் கடைசிக்குக் கடைசியா வச்சுக்கணும், அதைச் செஞ்சவங்களே அப்படித்தான் எச்சரிக்கிறாங்க.

பேக்கப் எடுங்கன்னு நான் இங்க எழுதப்போறதில்ல, அதை எழுதாத ஆளே இல்ல, எடுக்கிற ஆளும் இல்ல. நான் எடுக்கிறேன், ரெண்டு டிஸ்க், ஒண்ணு கடையில ஒண்ணு வீட்டுல, சாயங்காலம் கடையடைக்கும்போது நகல் எடுக்கிற ஆர்சிங்க் கமாண்ட் ஓடும். கஜா அடிச்சுச் சொல்லிக் குடுத்த பிறகு.

எனக்கு உண்மையான வருத்தம் வேற. 2011லேருந்து நம்ம அரசாங்கம் பிள்ளைங்களுக்கு இலவச லேப்டாப் குடுத்தாங்க, நிறைய லேப்டாப்புல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, அந்த பாஸ் செஞ்சது நம்ம சென்னையில இருக்கிற மத்திய அரசு நிறுவனம் சி-டாக்தான், டெபியன்ங்கற லினக்ஸ் அடிப்படையில. அந்த லேப்டாப் எத்தனையோ எங்க கடைக்கு வந்திருக்கு, பிரிண்ட் எடுக்க வந்த பிள்ளைங்ககிட்ட ஏண்டா இந்தப் பெங்குயின் (லினக்ஸோட சின்னம்) பக்கம் போயிருக்கியான்னு கேட்டா, அதுல போனா கெட்டுப்போயிடும்னு கடைக்கார அண்ணன் அழிச்சுட்டாரு அக்கான்னு சொல்லும். கெட்டுப்போனா எப்படி எடுக்கிறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்காததால கெட்டுப்போறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டாங்க. இன்னைக்கு விண்டோஸ் 10 போனதால திரும்ப அந்த வாசல் திறக்குது, இந்தத் தடவையும் நிறைய பேர் போடுவாங்க, ஒரு மாசம் கழிச்சு இனிட்ராம்எஃப்எஸ் வரும், பயந்துபோய் ஃபார்மட் அடிக்கிற கடைக்கு ஓடுவாங்க. அதனாலதான் உங்க கட்டுரைக்கு ரெண்டாம் பாகம் வேணும்னு கேக்கிறேன், எழுத ஆள் இல்லன்னா நான் எழுதித் தர்றேன், காசு வேணாம்.

அது பின்னாடி இருக்கட்டும், முதல்ல திருத்தம். எங்கயோ மூலையில பொடி எழுத்துல வேணாம், கமாண்ட் எந்த அளவு கட்டத்துல வந்துச்சோ அதே அளவு கட்டத்துல அடுத்த ஞாயித்துக்கிழமையே போடுங்க. எப்படிப் போடணும்னு நானே அடிச்சு வச்சிருக்கேன், பத்திரம் மாதிரியே ரெண்டு தடவை சரி பாத்தாச்சு:

"மூணு வாரம் முன்னாடி இந்தப் பக்கத்துல வந்த டிடி கமாண்ட்ல ஓஎஃப்-னு இருக்கிற இடத்துல எஸ்டிஏ-ன்னு அப்படியே அடிக்காதீங்க. பென்டிரைவைச் சொருகுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சொருகின பிறகு ஒரு தடவை எல்எஸ்பிஎல்கே-ன்னு அடிச்சுப் பாருங்க, புதுசா எந்தப் பேரு வந்துச்சோ, சைஸும் உங்க பென்டிரைவ் சைஸோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு, அதை மட்டும் போடுங்க. சந்தேகமா இருந்தா டிடி-யே வேணாம், உபுண்டுல ஸ்டார்ட்டப் டிஸ்க் கிரியேட்டர்னு ஒண்ணு இருக்கு, அது பேரைக் காட்டிக் கேட்டுட்டுதான் எழுதும். ஏற்கனவே எஸ்டிஏ-ன்னு அடிச்சுட்டவங்க கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்க, அதுல எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, யாரையும் ஃபார்மட் பண்ண விடாதீங்க, டிஸ்க்கை நகல் எடுக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க."

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை டிடிபி கடைக்காரி

பி.கு: கமாண்டையெல்லாம் நான் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல மாத்தி அச்சடிச்சா வரி உடையுற இடத்துல மைனஸுக்கும் எழுத்துக்கும் நடுவுல இடைவெளி விழாம பாத்துக்கச் சொல்லுங்க, பிரஸ் ஃபோர்மேன் சாருக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க.